கொழந்தைங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கினு வாங்க

என் வீட்டுக்காரர் ஆதிநாராயணனுக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவர்கள், இன்னும் போடாதவர்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்பது அவருக்கு இன்று வரை தெரியாது. போட்டவரைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர்கள். திருப்பதியில் அந்த வகையில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

சித்தூர் ரோட்டில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. வேலை அது, மனசு முழுக்கக் கட்டற்ற மென்பொருள். அதாவது ஒரு புரோகிராமை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். யாரும் தடுக்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதனால் விளைந்தது என்னவென்றால், ஆசையாக வாங்கிய பிரின்டர் எங்கள் லேப்டாப்போடு ஒரு நாளும் பேசியதில்லை. எட்டாவது படிக்கும் என் மகள் பிரித்திகா, ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனை நெட் சென்டருக்கு ஓடுவாள். பிரின்டர் மேல் நான் துவைத்த துணியை மடித்து வைப்பேன்.

அவர் போனில் வாட்ஸ்அப் கிடையாது. சொந்தக்காரர்களின் கல்யாணமும் சாவும் என் போனுக்கு வந்து, நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். "நம்ம பேச்ச எவனோ ஒருத்தன் சர்வர்ல இன்னாத்துக்கு வெக்கணும்?" என்பார். அப்படியானால் என் பேச்சு மட்டும் எவன் சர்வரில் வேண்டுமானாலும் இருக்கலாமா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவரை வெறுமனே கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. நாங்கள் இரண்டு பேருமே ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரிக்காரர்கள். என் மாமனார் பவர்லூமில் கூலிக்கு நெய்தவர். தறி முதலாளியுடையது, நூல் முதலாளியுடையது. லுங்கி நெய்து முடித்ததும் ஓரத்தில் முதலாளி பேரில் ஒரு முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரையைக் குத்துகிற வேலையும் சின்ன வயதில் இவருக்குத்தான். அதை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்லுவார். "நெய்ஞ்சது எங்க நைனா. ஆனா துணியில கீற பேரு இன்னொருத்தன் பேரு. கம்ப்யூட்டர்லயும் அதே கதை நடக்கக் கூடாது." பெங்களூரில் ஒரு தடவை நானும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

என் வேலையைச் சொல்லவில்லையே. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜில் பன்னிரண்டு வருஷமாக ரிசப்ஷனில் இருந்தேன். ஓனர் நாகபூஷணம் தெலுங்குக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வருகிற போன் எல்லாம் எனக்குத்தான். ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், திருத்தணி என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் என் பேச்சைக் கேட்டதும் நம்மூர்ப் பொண்ணு என்று ஆறுதலாகிவிடுவார்கள். ஒரு மார்கழியில் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் மலை மேல் குளிரில் மாட்டிக்கொண்டு, குழந்தை ஜுரத்தோடு திரும்பியது. அன்றிலிருந்து குளிர்காலத்தில் ரூம் கேட்டு யார் போன் செய்தாலும், வைப்பதற்கு முன்னால், "கொழந்தைங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கினு வாங்க. பதனமா வாங்க" என்று சொல்லாமல் இருக்க மாட்டேன். 'அந்த ஸ்வெட்டர் அம்மா இருக்காங்களா' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. நாகபூஷணம் கிண்டல் செய்வார், ஆனால் உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான். என்னிடம் படிப்பு பெரிதாக இல்லை, அழகு சுமார். குரல் ஒன்றுதான் எனக்குச் சோறு போட்டது.

லாக்டவுன் வந்தது. லாட்ஜைப் பூட்டினார்கள். நான் வீட்டில். அப்போதுதான் இவர் ஒரு மைக்கை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"பெரிய கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் எல்லாம் டிவியில செய்தி படிக்கிற மாதிரி தமிழ் பேசுது. நம்ம தமிழ் எதுலயும் இல்ல. நீ படி. நாலாயிரம் வாக்கியம் போதும். அத்த வெச்சி கம்ப்யூட்டர் எதை வேணா உன் குரல்ல பேசக் கத்துக்கும். கண்ணு தெரியாதவங்களுக்குப் பாடம் படிச்சிக் காட்டும். யாரு வேணா சும்மா எடுத்துக்கலாம்."

"என் குரலா? இதுல இன்னா கீது?"

"உனக்குத் தெரியாது பத்மினி. நூறு வருஷத்துக்கு அப்புறமும் நகரித் தமிழ் இப்படித்தான் இருந்துச்சின்னு உலகத்துக்குத் தெரியும்."

மூன்று மாதம். படுக்கையறைச் சுவர் நாலிலும் போர்வையைத் தொங்கவிட்டார். சித்திரை வெயிலில் ஃபேன் நிறுத்தம், ஏனென்றால் சத்தம் பதிவாகிவிடும். குக்கர் வைக்கக் கூடாது. பிரித்திகா அப்போது சின்னவள். வாயில் விரலை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். நான் வேர்வை வழியப் படிப்பேன். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என் உதட்டையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் கேட்பார். கல்யாணம் ஆகிப் பத்து வருஷத்தில் நான் பேசியதை அவர் முழுசாகக் கேட்டது அந்த மூன்று மாதம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பேப்பரில் எழுதியதைப் படித்தால் செயற்கையாக வருகிறது என்று ஒரு நாள் குறைபட்டுக்கொண்டார். "நீ லாட்ஜில தினமும் பேசுவியே, அத்த அப்படியே பேசு." பேசினேன். "வணக்கம், திருப்பதியிலருந்து பேசறேன். உங்க பேருக்கு ரூம் ரெடியா கீது. எத்தினி பேரு வர்றீங்க?" என்று தொடங்கி ஸ்வெட்டர் வரைக்கும். வெளியே நெருப்பாகக் கொட்டுகிற வெயில், நான் உள்ளே உட்கார்ந்து ஸ்வெட்டர் எடுத்துக்கினு வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இருநூறு வாக்கியம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது என்றார்.

எல்லாவற்றையும் வெளிநாட்டு வெப்சைட் ஒன்றில் ஏற்றினார். ஒரு வருஷம் கழித்து, பார்வையற்றோர் பள்ளி வாத்தியார் ஒருவர் ஈமெயில் போட்டார். பிள்ளைகள் இந்தக் குரலில்தான் பாடம் கேட்கிறார்கள், 'நகரி அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று. அந்த ஈமெயிலை நான் தெருமுனை நெட் சென்டரில் பிரின்ட் எடுத்து பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

லாக்டவுன் முடிந்து லாட்ஜ் திறந்ததும் நான் மறுபடி கவுன்டருக்கே போய்விட்டேன். இந்த வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் காட்பாடி ரயிலில் வந்திருந்த ஒரு குடும்பம் லாட்ஜுக்குள் நுழைந்தது. பதினோரு பேர். முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, இடுப்பில் மொட்டை போட வேண்டிய பேத்தி. கையில் ஒரு கட்டைப்பை. பை வாயிலிருந்து கம்பளி நூல் எட்டிப் பார்த்தது. அந்த அனலில் கம்பளியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடுதான், "வாங்கம்மா, எத்தினி பேரு வந்துகீறீங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மா அப்படியே நின்றார். மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கவுன்டருக்கு மேல் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இவதான்டா. போன்ல பேசுனவ இவதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நானு இன்னாமா பேசுனேன்? உங்களை நான் பாத்ததே இல்லியே."

"பேசறா பாரு, அதே பேச்சு! மலை மேலயே ரூம் போட்டுட்டேன்னு சொன்ன. துட்டு அனுப்பச் சொன்ன. கொழந்தைங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கினு வாங்கன்னு சொன்னியே, பாவி! இந்த வெயில்ல எவளாவது எடுத்துக்கினு வருவாளா? நம்மூர்ப் பொண்ணு சொல்லுதே, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேனே!"

அவர் பேர் தனபாக்கியம். வாலாஜாவில் இட்லிக் கடை. மலை மேல் ரூம் எடுத்துத் தருவதாக எவனோ மோசடிக்காரன் போட்ட விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பப் போன் வந்திருக்கிறது, என் குரலில். மலைக்குப் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு ரூமே இல்லை. முந்தின நாள் முழுக்கப் பிள்ளைகளோடு வெயிலில் அலைந்து கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். மகன் தன் போனில் பதிவான பேச்சைப் போட்டுக் காட்டினான்.

"வணக்கம், திருப்பதியிலருந்து பேசறேன்." என் குரல்தான். என் இழுப்பு, 'பதனமா' என்பதில் என் அழுத்தம், எல்லாம் நான்தான். நான் பேசாத வார்த்தைகளை நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மெஷினுக்கு மே மாதம் என்று ஒன்று இருப்பது தெரியாது. எழுதிக் கொடுத்ததைச் சொல்லியது, முடிவில் நான் பதிவில் சொல்லியிருந்த ஸ்வெட்டரையும் அப்படியே சொல்லியது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பதினோரு பேரும் ஏமாந்து வந்து நின்றார்கள்.

நாகபூஷணம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவர்களைச் சமாதானப்படுத்தி, வாடகை வாங்காமல் இரண்டு ரூம் கொடுத்தார். என்னிடம் குரலை உயர்த்தக்கூட இல்லை. "பத்மினம்மா, உன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நாலு நாளு கவுன்டர்ல உட்காராதே. மேல போயி பெட்ஷீட் கணக்குப் பாரு. யாருகிட்டயும் பேசாதே, புரிஞ்சுதா?" என்றார்.

மாடியில் பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அழுகிற சத்தமும் வெளியே கேட்டுவிடப் போகிறது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தனபாக்கியத்தின் மகனிடம் வாங்கிய பதிவை இவருக்குப் போட்டுக் காட்டினேன். போனைக் காதருகில் வைத்துக் கேட்டார். முடிகிற வரைக்கும் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். முதலில் அந்த முகத்தில் வந்தது சந்தோஷம்.

"அடேங்கப்பா, எவ்ளோ இயல்பா வந்துகீது பாரு. மூச்சு வாங்கறதுகூட..."

நான் கத்தியதில் பிரித்திகா உள்ளே ஓடிவிட்டாள். அவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். போனில் ஏமாற்றுகிறவர்களைத் திட்டினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

"அத்த எடுத்துடுங்க. என் குரலு அங்க வேணாம்."

போனை மேசை மேல் வைத்தார். பிறகு வாத்தியார் மாதிரி ஆரம்பித்தார். "எடுத்தா யாருக்கு இல்லாம போவும்னு யோசி. அந்தக் கண்ணு தெரியாத பசங்களுக்குப் போவும். திருடனுக்குப் போவாது. அவன் எப்பவோ எடுத்து வெச்சிக்கினு கீறான். ஆயிரம் பேரு எடுத்துட்டாங்க. ஒரு தடவ குடுத்தா குடுத்ததுதான், திருப்பி வாங்க முடியாது. அதாம்மா அதுல கீற தர்மமே."

"தர்மமா?"

"நல்லவனுக்கு மட்டும்தான்னு போட்டா அப்புறம் அது சுதந்திரம் இல்லியே. நல்லவன் யாருன்னு எவன் முடிவு பண்றது?"

அவர் சொன்னது சரிதான். எனக்கு எரிச்சலே அதுதான். அவர் எப்போதுமே சரியாகத்தான் சொல்லுவார். பிரின்டர் விஷயத்திலும் சரியாகத்தான் சொன்னார். பிள்ளை மழையில் நெட் சென்டருக்கு ஓடினாள். சரியாக இருப்பதற்கான செலவை எங்கள் வீட்டில் எப்போதும் வேறு யாராவதுதான் கொடுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். தனபாக்கியம் புகார் கொடுத்திருந்தார். நானும் இவரும் போனோம், நாகபூஷணமும் துணைக்கு வந்தார். இவர் அந்த வெப்சைட்டில் தான் ஏற்றியபோது போட்ட விவரங்களையெல்லாம் பேப்பரில் எடுத்துக்கொண்டு வந்தார். எடுத்தது தெருமுனை நெட் சென்டரில், விண்டோஸ் கம்ப்யூட்டரில்.

எஸ்.ஐ. நிதானமான ஆள். தெலுங்கில்தான் பேசினார். என்னை அந்த வாக்கியங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "கொழந்தைங்களுக்கு" என்று ஆரம்பித்ததுமே, ஓரத்தில் உட்கார்ந்திருந்த தனபாக்கியம் விசும்பத் தொடங்கிவிட்டார். என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்தது. இவர் எழுந்து விளக்கினார். கம்ப்யூட்டர் எப்படிக் கற்றுக்கொள்ளும், இது யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து, யாரும் உரிமை கொண்டாட முடியாது, உலகத்துக்கே கொடுத்தது என்று, பெங்களூர்க் கூட்டத்தில் பேசுகிற அதே வேகத்தில் பேசினார்.

எஸ்.ஐ. பேப்பர்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஓனர் மீரேனா?" நீங்கள்தானா ஓனர் என்று.

"இல்ல சார். ஓனர் யாரும் இல்ல. அதத்தான் சொல்றேன்."

எஸ்.ஐ. இங்கிலீஷில் இருந்ததை மெதுவாக, எனக்கும் புரியும்படி, தெலுங்கில் சொன்னார். இந்தக் குரல் பதிவுகள் முழுவதும் எனக்குச் சொந்தமானவை. இவற்றின் மேல் எனக்குள்ள எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன். இதற்கு வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்று உறுதி கூறுகிறேன். பக்கத்தில் ஒரு டிக். கீழே, ஆதிநாராயணன்.

"இவங்க பேரு எங்க?" என்று என்னைக் காட்டினார்.

இவர் இன்னொரு வரியைக் காட்டினார். பேசியவர்: பெண். வயது: முப்பத்து மூன்று. மொழி: தமிழ்.

"அது ஃபார்மாலிட்டி சார். அந்த டிக் போடாம அப்லோடு ஆவாது," என்றார். நெட் சென்டரில் கஷ்டப்பட்டு எடுத்த பேப்பரைத் தன் பக்கமாக இழுத்து அந்த வரியை மறுபடி படித்தார்.

எனக்கு ஒரு நிமிஷம் நகரித் தறிக் கொட்டகையின் இரைச்சல் காதில் கேட்டது. யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிக் கொடுப்பதற்கு, முதலில் தனக்குச் சொந்தம் என்று ஒருத்தர் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. சொல்லியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த மூன்று மாதச் சந்தோஷத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

என் மேல் தப்பில்லை என்று எஸ்.ஐ. எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். தனபாக்கியத்திடம், "நான் இல்லம்மா, மெஷின்மா" என்றேன். அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மெஷினுக்கு உன் தொண்டையைக் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு, கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நெய்ஞ்சது நானு. முத்திரை உங்க பேரா?"

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நிஜமான அழுகை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தில் நான் இரண்டு நாள் அசந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு அடுப்படிக்கே வந்தார். முகம் தெளிந்திருந்தது. "சரி பண்ணிட்டேன். நீயே பாரு."

பார்த்தேன். வெப்சைட்டில் அவர் பேர் இருந்த இடத்தில் இப்போது என் பேர். குரல்: பத்மினி, திருப்பதி. சொந்த ஊர் நகரி. பன்னிரண்டு ஆண்டுகளாக ரயில் நிலையம் அருகே லாட்ஜ் ஒன்றில் வரவேற்பாளர். இந்தக் குரலை உலகுக்கு அளித்தவர் இவரே, இவருக்கு நன்றி. கீழே பிரித்திகாவின் பிறந்தநாளில் எடுத்த என் போட்டோ.

என்னைத் திட்டாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன். முதல் நொடியில் எனக்குப் பிடித்திருந்தது. என் பேர் அவ்வளவு பெரிய எழுத்தில் எங்கேயும் வந்ததில்லை. அடுத்த நொடியில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அய்யோ, எடுங்க! திருடன் பேசற குரலுக்குக் கீழ என் பேரையும் ஊரையுமா எழுதி வெப்பீங்க? போட்டோ வேறயா?"

"நீதானே பேரு இல்லன்னு..."

"எடுங்கன்னு சொல்றேன்!"

எடுத்தார். உடனே எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை சாயங்காலமே போட்டாராம். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தாராம். அந்த இரண்டு நாளில் யார் யார் காப்பி எடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவ குடுத்தா குடுத்ததுதான். இந்தத் தடவை அதை அவர் வாயால் சொல்லவில்லை.

சனிக்கிழமை லாட்ஜுக்கு மூன்று குடும்பம் வந்தது. இவர்கள் குரலைத் தேடி வரவில்லை, பேரைக் கேட்டு வந்தார்கள். "ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜிலருந்து பத்மினின்னு ஒரு அம்மா பேசுனாங்களே, அவங்களக் கூப்புடுங்க." நாகபூஷணம் மாடிக்கு ஏறி வந்தார். மடித்து வைத்திருந்த பெட்ஷீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே வேணாம்மா. நீ நல்லவதான், எனக்குத் தெரியும். ஆனா எனக்கு லாட்ஜ் நடக்கணும்," என்றார். பன்னிரண்டு வருஷம் பேசின வாயால் சரிங்க என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். இவர் காலேஜில் இருந்தார். பிரித்திகா டியூஷனில். போன் அடித்தது. நகரியிலிருந்து அம்மா. அம்மாவின் பேர் வெங்கடம்மா. எழுபது நெருங்குகிறது, காது லேசாக மந்தம். ரொம்ப நாளாக மலைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ என்று கேட்டுக்கொண்டிருந்தாள், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, பெத்தவகிட்டயே 'வணக்கம், திருப்பதியிலருந்து பத்மினி பேசறேன்'னு சொல்ற? ஊராளுகிட்ட பேசற மாதிரி வாங்க போங்கன்னு வேற. லாட்ஜில ஓனரு பக்கத்துல இருந்தாரா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி, அது போவட்டும். மலை மேலயே ரூம் போட்டுட்டேன்னியே, உன் நைனாகிட்ட சொன்னதும் கெழவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சி. எம் பொண்ணு மறக்கலடின்றாரு. பக்கத்து வூட்டுப் பையன் ஏதோ ரூம் வெளம்பரத்துல எங்க நம்பரக் குடுத்தானாம், பாத்தா நீயே கூப்புடற. அவன் போனுலருந்தே துட்டு அனுப்பிட்டோம். பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிக்கினு கீறோம். ஏண்டி, இந்த வெயில்ல ஸ்வெட்டரு இன்னாத்துக்கு? நீ சொன்னியேன்னு பொட்டியக் கொட்டித் தேடி எடுத்து வெச்சிக்கினு கீறேன். உன்னோட சின்ன வயசு ஸ்வெட்டரு ஒண்ணு கீது. பிரித்திகாவுக்குப் பத்துமா பாரு."

அம்மா, அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னாடி பேச மாட்டேன்ற? இப்ப நல்லா பேசுனியே."

எதைச் சொன்னாலும் அந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும்.